இருட்டில் ஒரு ஓகே

சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருங்கள். முதலில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ முதலாளி பரஞ்சோதியின் குரல், காலி அண்டா உருளுகிற மாதிரி:

"ஃபோர்-கே தெளிவுல படம் தெரியணும்! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

பக்கத்தில், வீடியோவைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார். எடிட்டர் செண்பகா மெதுவாகச் சொன்னாள்: "சார், இது பழைய மானிட்டர். தன்னால எந்த அளவு தெளிவு முடியும்னு அதுவே கிராபிக்ஸ் டிரைவர்கிட்ட, அதான் கம்ப்யூட்டர்ல திரையை ஓட்டுற சாஃப்ட்வேர்கிட்ட, சொல்லிடும். டிரைவர் அதை மட்டும்தான் குடுக்கும்."

"என் மானிட்டர்! நான் சொன்னா கேட்கும்!"

"சரி, வலுக்கட்டாயமா ஃபோர்-கே வெச்சுப் பார்க்கிறேன். 'இப்படியே இருக்கட்டுமா'ன்னு திரையில கேட்கும். நீங்கதான் ஓகே அமுக்கணும். அமுக்கலேன்னா என்னைத் திட்டக்கூடாது."

"அமுக்கறேன், வை!"

வைத்தாள். திரை இருண்டது. பரஞ்சோதி மவுஸை அங்குமிங்கும் இழுத்தார்.

"ஓகே எங்கேம்மா இருக்கு?"

"திரையிலதான் சார்."

கொஞ்ச நேரத்தில் பழைய தெளிவிலேயே படம் தானாகத் திரும்பி வந்தது.

"யாரு மாத்தினது?"

"டிரைவர்தான் சார். பதில் வரலேன்னா, எதிர்ல இருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு அது புரிஞ்சுக்கும். நாங்க பேசாம நின்னா நீங்க சம்மதம்னு எடுத்துக்குவீங்களே, அந்த மாதிரி இல்ல."

பரஞ்சோதி மவுஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அடிப்பாவி! நான் முழிப்பேன்னு தெரிஞ்சுதானே என்னை அமுக்கச் சொன்னே?"