மாதையனை ஆஃப் பண்ணின கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா அந்த மூணு பேர் காதிலும் விழுந்துடும். தங்களோட கதைதான்னு தெரியாம அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க.

மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. மூத்தவன் சென்றாயன், அந்த வீட்டுக்குப் புத்திசாலி அவன்தான். அடுத்தவன் தீர்த்தகிரி. கடைசி மாதையன், நாற்பதைத் தொடப்போகிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஜில்லா பூரா பெண் கேட்டு ஓய்ந்தாச்சு. கடைசியில் குவைத்தில் நர்சாக இருக்கிற செல்வராணி, வீடியோவில் மாப்பிள்ளையைப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

மாதையன் பவுடர் பூசிப் போன் முன்னால் உட்கார்ந்தான். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தான். நெட்டு படுத்துக்கொண்டது.

"ஏங்க, திறந்த வாய் திறந்தபடியே இருக்கு! ஆள் அசையவே மாட்டேங்கிறாரே?" என்றது செல்வராணியின் குரல். அதோடு லைன் கட்.

சென்றாயன் நெட்டு கம்பெனிக்குப் போன் போட்டான். அங்கிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நெட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க சார். கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க."

நெட்டுப் பெட்டியை ஆஃப் பண்ணினார்கள். டிவி, போன் எல்லாம் ஆஃப். எதுக்கும் இருக்கட்டும் என்று ஃபியூஸையும் பிடுங்கினார்கள். வீடு இருட்டாச்சு.

"வேற என்னடா நெட்டுல இருந்துச்சு?"

தீர்த்தகிரி யோசித்தான். "மாதையன் இருந்தான்ண்ணா."

"அட ஆமா! அசையலைன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சே. கோளாறே இவன்கிட்டதான்!"

மாதையனைப் பாயில் படுக்கப் போட்டுக் கண்ணை மூடச் சொன்னார்கள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"கால் ஆடுதுடா. இன்னும் ஆஃப் ஆகலை," என்று சென்றாயன் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான்.

"வாய்ண்ணா?"

"அதானே முதல் புகார்!"

வெள்ளைத் துண்டால் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். இருட்டில் மிதித்துவிடக் கூடாதே என்று தலைமாட்டில் ஒரு விளக்கு. மாப்பிள்ளை ஆச்சே என்று நெஞ்சில் ஒரு மாலை.

பிறகு ஃபியூஸைப் போட்டார்கள், பெட்டியைப் போட்டார்கள், போனைப் போட்டார்கள். நெட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. செல்வராணியே கூப்பிட்டாள். தீர்த்தகிரி போனை மாதையனுக்கு நேராகப் பிடித்தான்.

"ஐயோ! இப்பத்தானே உட்கார்ந்திருந்தாரு!"

"பதறாதம்மா," என்றான் சென்றாயன். "ஆஃப்ல வச்சிருக்கோம். இதோ போட்டுடறேன்."

தம்பியின் தொப்புளை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினான். மாலையும் துண்டுமாக மாதையன் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கும்பிட்டான்.

செல்வராணி வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். கண்கூட இமைக்கவில்லை.

சென்றாயன் போனை உற்றுப் பார்த்தான். அப்புறம் குவைத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

"அம்மாடி, அங்க பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா? ஒரு வெள்ளைத் துண்டு எடுங்க!"