ஈரலில் இருந்த கொப்புளம்

பங்குனி மாதத்து அந்திநேரம். எழுபது ஆடுகளோடு கண்மாய்க் கரையில் கிடை போட்டிருந்தாள் ராக்கு. நாயும் ஆடும் புழுவும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் நாய்கள் குடிலுக்குள்ளேதான் படுக்கும். ராக்குவின் ஒரே மகள் நாச்சியும் செவலை நாயும் ஒரே சட்டியில் கஞ்சி குடிப்பார்கள். குடித்து முடித்ததும் பிள்ளையின் வாயைச் செவலை நக்கித் துடைத்துவிடும்.

அன்று ஒரு கிழட்டு ஆடு விழுந்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நீர்க்கொப்புளம். ராக்கு அதைச் செவலையின் முன்னால் போட்டாள்.

"ஆத்தா, இதுக்குள்ள என்னமோ அசையுது" என்றது செவலை.

"பெரிய மகாராணி! கறின்னா முதல் ஆளா வந்து நிப்ப, இதுக்கு மட்டும் மூஞ்சியத் திருப்புவியோ? எங்களுக்கு ஆகாட்டி என்ன, உனக்குச் செரிக்கும். தின்னு."

ராக்கு சொல்லிச் செவலை மறுத்ததில்லை. தின்றது.

வருஷங்கள் போயின. செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாச்சிக்குத்தான் விலாவுக்குக் கீழே வயிறு மேடு தட்டியது. கஞ்சித் தொந்தி என்று ராக்கு கேலி செய்தாள். பிறகு பிள்ளையின் கைகால் சூம்பியது. கேலி நின்றது.

"காது வச்சுக் கேட்டேன் ஆத்தா. வயித்துக்குள்ள தண்ணி தளும்புது" என்றது செவலை.

வைத்தியர் வந்தார். தொட்டுப் பார்த்தார். கையை விரித்துவிட்டு எழுந்து போனார்.

நாச்சியைப் புதைத்த பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆடு அறுத்தார்கள். அந்த ஈரலிலும் அதே கொப்புளம். ராக்கு கத்தியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து புழு பேசியது.

"எங்களுக்குக் காலா இருக்கு தாயி, ஆட்ட விட்டு நாங்களா நடந்து போக? நாய்க்கு நீ போட்ட. அது வயித்துல பெருகினோம். எங்க முட்டை அதோட பீயில வெளிய வந்து, அது உடம்ப நக்கினப்ப வாயில ஒட்டிக்கிட்டுப் பிள்ளை வாய்க்குப் போச்சு."

செவலை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "ஆத்தா, நானா?"

"நான்தானே போட்டேன்" என்றாள் ராக்கு.

செவலை எழுந்து வெளியே போய்ப் படுத்தது. ராக்கு கூப்பிட்டாள். வாசல்வரை வந்து நின்றது. உள்ளே வரவில்லை, பேசவும் இல்லை. அவள் ஆழமாகக் குழி தோண்டி ஈரலைப் புதைத்து, மேலே ஒரு கல்லைப் புரட்டி வைத்தாள்.

நாய் வாய் பேசாமல், முகத்தை மட்டும் வீட்டுப் பக்கம் வைத்து வாசலுக்கு வெளியே படுப்பது அன்றிலிருந்துதான். கொப்புளம் கண்ட ஈரலைக் கிடைக்காரர்கள் புதைப்பதும் அன்றிலிருந்துதான்.

அந்த வருஷம் ஐப்பசியில், முதல் மழை பெய்த அன்று, செவலை வாசலிலேயே செத்துக் கிடந்தது.