கடப்பாரையில் குளவிக் கூடு

“தாயி, மேக்காட்டு நெலம் செத்துப்போச்சுன்னு எவன் சொன்னது? மண்ணு நல்லாத்தான் இருக்கு. புல்லும் மொளைச்சிருக்கு.”

அங்கமுத்து, மேக்காட்டுல அங்கங்க அள்ளித் துணியில கட்டுன மண்ணு முடிச்சுகள வரிசையா வச்சாரு. வண்டிய அங்க ஓடைக்கரையில நிறுத்திட்டு, ஒரு மாசம் காடு காடா நடந்த அலுப்பு.

மடத்துக் குரு தாயிக்கு அவரை விட வயசு கம்மி. வாய் நெறைய அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. திட்டுறப்பவும் அதே அண்ணேதான்.

மடத்து வாசல்ல சனம் உக்காந்திருந்துச்சு. கடல் ஏறி ஊரைக் கொண்டுபோனதுல தப்பிச்சு வந்தவங்க. மிச்சம் இருந்தது வெதைத் தானியம் மட்டுந்தான்.

மேக்காடு மடத்து நெலம். அங்க வெதைக்கலாமா வேண்டாமான்னு அங்கமுத்து பாத்துச் சொல்லணும். தப்பாச் சொன்னா வெதை போயிரும். அப்புறம் சோறும் இல்ல.

“போகச் சொல்லுங்க தாயி. மழைக்கு முந்திப் போய்ச் சேரட்டும்.”

தாயி ஒரு முடிச்ச அவுத்தாங்க. மண்ணுக்குள்ள வேப்பஞ்சருகு.

அடுத்ததுலயும் வேப்பஞ்சருகு. அதுக்கடுத்ததுலயும்.

“மேக்காட்டுல அம்புட்டு வேப்பமரமா அண்ணே?”

“அங்கொண்ணு இங்கொண்ணு நிக்கிது தாயி.”

“ஒண்ணு விடாம நலம் விசாரிச்சுட்டு வந்திருக்கீங்க.”

“வெயிலு தாயி...”

தாயி எந்திரிச்சு, அவரு திரும்பி வந்து மடத்து வாசல்ல நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனாங்க. மம்பட்டிய எடுத்துப் பாத்தாங்க. தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு.

கடப்பாரைய எடுத்தாங்க. நுனியில குளவி மண்ணக் கொழைச்சுக் கூடு கட்டியிருந்துச்சு. காஞ்சு கெட்டியாயிருந்துச்சு.

“இந்த மண்ண முடிச்சுல கட்டலையா அண்ணே?”

யாரும் சிரிக்கல. தாயி கூடு ஒடையாம கடப்பாரைய மெதுவா வச்சாங்க.

“மம்பட்டி எறங்காத எடத்துல என்ன பண்ணுனீங்க?”

“கொஞ்சம் தள்ளிப் போய்த் தோண்டுனேன்.”

“அங்கயும் எறங்கலன்னா?”

“இன்னுங் கொஞ்சம் தள்ளி.”

வாசல்ல ஒரு பொம்பள, புள்ளையத் தரையில படுக்கப் போட்டுட்டு வெதை மூட்டைய மடியில வச்சிருந்தா.

தாயி அவளையே பாத்தாங்க.

“இவங்க எங்கண்ணே தள்ளிப் போவாங்க?”

அங்கமுத்து எந்திரிச்சாரு. மடத்துக்குள்ள போயி வேற கடப்பாரை எடுத்துட்டு வந்தாரு.