மூணு மாடி ஏரி

ஆனைக்குட்டைப்பட்டிக்காரர்களுக்குத் தங்கள் மூளையைப் பற்றி வீண் பெருமை கிடையாது. அதிலும் நாச்சிமுத்து ரொம்ப நேர்மையானவர். "என் ஒருத்தன் மூளையை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டேன். கூட ரெண்டு பேர் வேணும். மூணு பேரும் சேர்ந்தா ஒரு ஆள் அறிவாவது தேறும்" என்பார்.

அந்த ரெண்டு பேர் பொம்மையனும் சடையாண்டியும். கணக்கு அங்கேதான் உதைத்தது.

அந்தச் சித்திரையில் நாச்சிமுத்துவின் மகளை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க ஏரி மீனு, மூணு தினுசு, சுடச்சுடக் குழம்பு வச்சுப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு தினுசு குறைந்தாலும் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்து, மீன் பண்ணையில் வேலை பார்க்கும் மைத்துனனிடம் யோசனை கேட்டார்.

"கோடையில ஏரி மூணு மாடி வீடு மாதிரி மச்சான்" என்றான் அவன். "மேல சூடு, கீழ குளுமை. கெண்டை மேல்மாடியில திரியும். விரால் நடுவுல பாசிக்குள்ள இருக்கும், அப்பப்ப காத்து வாங்க மேல வரும். கெளுத்தி அடியில சேத்துல கிடக்கும். ஒண்ணு இடத்துக்கு ஒண்ணு வம்புக்குப் போகாது. அதது இடத்துல தூண்டிலைப் போடுங்க, போதும்."

நிச்சயத்தன்று விடிந்ததும் மூவரும் ஏரிக்குப் போய்த் தூண்டிலைப் போட்டார்கள். கம்போடு சேர்த்து, ஆளுக்கொன்றாகத் தூக்கி நடு ஏரியில் போட்டார்கள். தூண்டில்கள் மிதந்து மிதந்து கோரைக்குள் போய் மறைந்தன.

"அடுத்து என்னண்ணே பண்ணச் சொன்னாரு உங்க மச்சான்?" என்றான் பொம்மையன்.

"போதும்னு சொன்னான்."

"அப்ப நிறுத்திக்க வேண்டியதுதான்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெயில்தான் ஏறியது, மீன் வரவில்லை. "அட மடையா நாச்சிமுத்து!" என்று அவர் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். "மாடி வீடுன்னானே, ஏறி வரப் படி வேணாமா? கெளுத்தி பாவம், என்ன பண்ணும்?"

மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் நட்டார்கள். அது ஆடாமல் இருக்கச் சடையாண்டி உச்சிப் படியில் ஏறி உட்கார்ந்தான்.

"நீ வழியை மறிச்சு உக்காந்தா மீனு எப்படிடா ஏறும்?" என்றார் நாச்சிமுத்து.

சடையாண்டி மரியாதையாக ஒதுங்கினான். ஒதுங்க அங்கே தண்ணீரைத் தவிர வேறு இடம் இல்லை.

முழுகி எழுந்தவன், "கீழ ரொம்பக் குளுமைண்ணே. மேல வர எனக்கே மனசில்ல, கெளுத்தி எங்க வரப்போகுது?" என்றான். அது நியாயமாகப் பட்டதால் கெளுத்தியைக் கைவிட்டார்கள்.

"விரால் காத்து வாங்க வரும்னாரே" என்றான் பொம்மையன். "விக்க ஆளில்லாத இடத்துக்கு யார் வாங்க வருவா? நாம கடை போடல, அது வரல."

"இது எனக்குத் தோணலையே! நானெல்லாம் மாமனாராகி என்ன கிழிக்கப் போறேன்?" என்று நாச்சிமுத்து நொந்துகொண்டார்.

சைக்கிள் பம்பு வந்தது. மூவரும் மாறி மாறித் தண்ணீருக்குள் காற்றடித்தார்கள். "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டும் பார்த்தார்கள். காற்றெல்லாம் குமிழி குமிழியாய் வீணாகிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் ஆளைக் காணாமல் மாப்பிள்ளை வீட்டார் ஏரிக்கே வந்து நின்றார்கள்.

வியர்த்து வழிய, பம்பும் கையுமாக நின்ற நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் ஒரு முட்டாளுங்க சம்பந்தி. ஒரு மீனுகூடப் பிடிக்கல. ஆனா எம் பொண்ணு அப்படி இல்லீங்க, அவ ஆத்தா மாதிரி."

மாப்பிள்ளையின் தகப்பனார் சென்றாயன் குனிந்து தண்ணீரில் விரலை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும் சம்பந்தி. இந்தச் சூட்டுல மீனுங்களைத் தண்ணிக்குள்ளயா விட்டு வச்சிருக்கீங்க? எங்க ஊர்ல சித்திரை பொறந்தா எல்லாத்தையும் வெளிய எடுத்து நெழல்ல போட்டுருவோம்."

இப்படியொரு இரக்கமுள்ள குடும்பமா! நாச்சிமுத்துவுக்கு மெய் சிலிர்த்தது. இரு வீட்டாரும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். பாதி வற்றிக் கிடந்த ஏரியில் துண்டையே வலையாக்கி, கெண்டை, விரால், கெளுத்தி என்று கூடை கூடையாக அள்ளி, புளியமரத்தடியில் சாக்கு விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள். துள்ளிய மீன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அசந்து தூங்குதுங்க" என்றார் சென்றாயன் மெதுவாக. "எத்தனை நாள் களைப்போ!"

கல்யாணம் அங்கேயே நிச்சயமானது. தாம்பூலத்தைக் கிசுகிசுத்தபடி மாற்றிக்கொண்டார்கள். குழம்புக்கு மீன் கிடைக்காததால் எல்லோருக்கும் ரசம் சோறு. ரசத்தை யாரும் உறிஞ்சிக் குடிக்க வேண்டாம், மீன் முழித்துக்கொள்ளும் என்று நாச்சிமுத்து ஒவ்வோர் இலையாகப் போய்க் காதோடு சொல்லிக்கொண்டிருந்தார்.