மணலில் போட்ட ராஜபாட்டை

அலைமேட்டு ராஜ்ஜியத்தில் சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. துறைமுகத்துக்கு நல்ல சாலை வந்தால் ஊர் வளரும், வியாபாரம் பெருகும், வெளியூர்க்காரர்கள்கூட நம்பிப் பெண் கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சாலை பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில் போக வேண்டும். இந்த நிபந்தனையிலும் ஊர் ஒற்றுமையாகத்தான் இருந்தது.

ராஜா பூபதிராயர் சாவடியில் ஊரைக் கூட்டிக் கேட்டார். செட்டிமார் தங்கள் சரக்குக் கிட்டங்கியில் ஒரு செங்கல் பெயரக் கூடாது என்றார்கள். உப்பளக்காரர்கள் பாத்தியைத் தொடக் கூடாது என்றார்கள். கோயில்காரர்கள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, சாமிக்குத்தான் இருக்கிறது என்றார்கள். அரண்மனை விகடர் சாத்தப்பர் தூணில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது தளவாய் திருமேனிநாதர் எழுந்தார்.

"மகாராஜா, கடற்கரையை ஒட்டிப் போட்டுவிடலாம். வீடில்லை, வயலில்லை. சும்மா கிடக்கிற மணல்."

சாவடி மொத்தமும் தலையாட்டியது. துறைமுகத்துக்கு நேர்வழி தளவாயின் தென்னந்தோப்புக்குள் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தளவாய் எதிரில் நிற்கும்போது அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் வேலை செய்யாது.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்தாள். கரைவலைக்காரி காளிமுத்தி. குப்பத்துக்காக அவள்தான் பேசுவாள்.

"சும்மா கிடக்குற மணலா? அங்கனதான்யா நாங்க வலை இழுக்குறோம். கரை போச்சுன்னா எங்க சோறு போச்சு."

ராஜாவுக்குக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. "ஊரே சம்மதிக்கிறது, குப்பம் மட்டும் மறுப்பதா? சாத்தப்பரே, தை பிறந்ததும் முளை அடித்து, அந்தப் பாதையில் நான் பரிவாரத்தோடு போகப்போகிறேன். அதற்குள் இவர்கள் வாயால் சம்மதம் வாங்கி வாரும். கிடைக்காவிட்டால் குப்பத்தையே மேட்டுக்காட்டுக்குப் பெயர்த்துவிடுவேன்."

சாத்தப்பருக்கு ரசனை போய்விட்டது. கடலைவிட்டு எட்டப் போனால் அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனார். கடலில் அரைவட்டமாக விரித்த வலையின் கயிற்றை ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். காளிமுத்தி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்கள்ல, கயித்தப் பிடிங்க."

"நானா?"

"யாரா இருந்தா என்ன? கயித்துக்கு முன்னால வந்தவுக தாண்டிப் போகக் கூடாது. தாண்டினா வலை மடியில மீன் நிக்காது. கரையேறுற வரைக்கும் கூட நின்னு இழுக்கணும். இது எங்க பாட்டன் காலத்து வழக்கம்."

சாத்தப்பர் இழுத்தார். மூச்சு வாங்கியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. வலை கரையேறியதும் காளிமுத்தியைத் தனியே அழைத்துச் சொன்னார். முதல்முறையாக அவள் சிரித்தாள்.

மாலையில் சபைக்குப் போய், "குப்பம் சம்மதித்துவிட்டது, மகாராஜா. அவர்களுடைய கரை வழக்கத்துக்கு மட்டும் பங்கம் வரக் கூடாதாம்" என்றார்.

"ஏதாவது பொங்கல், படையல் என்றிருக்கும். கொடுத்துவிடலாம்" என்றார் தளவாய்.

"கொடுத்தோம். நானே ஆனாலும் அந்த வழக்கத்தை மீற மாட்டேன்" என்றார் ராஜா.

தை பிறந்தது. முளை அடித்த பாதையில் ராஜா குதிரையில் வந்தார். பின்னால் தளவாய், சேவகர்கள், குடை, கொம்பு, மேளம். சாத்தப்பர் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலிலேயே நின்றுகொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பாதைக்குக் குறுக்கே ஈரக் கயிறு விறைத்துக் கிடந்தது. குதிரை நின்றது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க மகராசா. வந்து கை வைங்க" என்றாள் காளிமுத்தி.

"அடங்காத பிறவி" என்று சீறினார் தளவாய். "மகாராஜா, தாண்டிப் போகலாம்."

"தாண்டக் கூடாதுங்க. அதுதான் எங்க கரை வழக்கம்."

ராஜா தளவாயைப் பார்த்தார். பிறகு குதிரையைவிட்டு இறங்கினார். கொடுத்த வாக்கு அப்படி. ராஜா இறங்கினால் மற்றவர்கள் குதிரையில் இருக்க முடியுமா? தளவாய் இழுத்தார். கொம்பு ஊதுகிறவன் இழுத்தான். பட்டு அங்கவஸ்திரங்கள் உப்புத் தண்ணீரில் நனைந்தன. வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் வலை கரையேறியது. மடி நிறையச் சாளை மீன் துள்ளியது.

ராஜா உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் கண்டிருந்தது.

"இந்தக் கயிறு தினமும் இப்படித்தான் கிடக்குமா?"

"விடிஞ்சா கிடக்கும் மகராசா. எங்க பொழப்பே அதுதானே."

ராஜா முளை அடித்த பாதையை நெடுகப் பார்த்தார். பிறகு சேவகர்களைக் கூப்பிட்டார். "இங்கிருக்கும் முளைகளைப் பிடுங்குங்கள். தளவாயின் தோப்பு வழியாக அடியுங்கள்."

தளவாய்க்கு முகம் வெளுத்தது. "மகாராஜா, அவசரப்படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இவர்கள் வலை போட மாட்டார்கள். அப்போது பாதை காலியாகத்தானே இருக்கும்?"

ராஜா படகின் பக்கம் திரும்பினார். "அப்படியா, சாத்தப்பரே?"

சாத்தப்பர் நிழலைவிட்டு மெல்ல வந்தார். "தளவாய் சொல்வது சத்தியம். அந்த மாதங்களில் தாராளமாகப் போகலாம், மகாராஜா. குதிரையை மட்டும் விட்டுவிட்டு ஓடத்தில் போக வேண்டும். கடல் இந்த மேடு வரைக்கும் வந்துவிடும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். குப்பமும் சேர்ந்து சிரித்தது. தளவாய் தன் தோப்பு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காளிமுத்தி பங்கு பிரித்தாள். ராஜாவுக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு ஓலைப்பெட்டிச் சாளை. சாத்தப்பரும் கையை நீட்டினார்.

"இன்னைக்கு நீங்க இழுக்கலையேய்யா" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டாள் அவள்.

சாத்தப்பர் ராஜாவிடம் வந்தார். "இவ்வளவு யோசனை செய்தவனுக்கு அந்தப் பெட்டியிலிருந்து நாலு மீன் கூடாதா, மகாராஜா?"

ராஜா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "பொன் வேண்டுமானால் கஜானாவுக்குப் போய் அள்ளிக்கொள்ளும், சாத்தப்பரே. இது நான் உழைத்துச் சம்பாதித்தது."