நடுப்பாயில் கிடந்த சால்வை

மருதங்காட்டு ராஜா வீரகேசவராயரின் சபையில் ஒரு காலத்தில் மூன்று கட்சிகள் இருந்தன. இடப்பக்கப் பாயில் தளவாய் இரணசிங்கத்தின் ஆட்கள். எதற்கெடுத்தாலும் சண்டைதான் அவர்களுக்கு. வலப்பக்கப் பாயில் பிரதானி திருமேனியின் ஆட்கள். வாளைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது. இடையில் நடுப்பாய்க் கட்சி. “படையும் இருக்கட்டும், பேச்சும் நடக்கட்டும்” என்பார்கள். இரண்டு பக்கமும் அவர்களைக் கிண்டலடிக்கும். ராஜா என்னவோ கடைசியில் அவர்கள் சொன்னபடிதான் செய்வார்.

அந்தக் கட்சி கரைந்துபோய்ப் பாய் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒருநாள் ராஜாவின் கண் அதில் பட்டது.

“இந்தக் கட்சி எப்படி ஐயா அழிந்தது? யாராவது அதன் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.”

தளவாயும் பிரதானியும் வாழ்நாளில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். “மயிலேறி சொல்லட்டும்!” என்றார்கள். சபையைச் சிரிக்க வைப்பதே மயிலேறியின் வேலை. அவன் வாயில் விழுந்து இருவரும் பலமுறை நொந்திருந்தார்கள்.

“ஆனால் மகாராஜா, எங்களில் ஒருவர் தப்பு என்று சொன்னாலும் அவன் சபையை விட்டே போய்விட வேண்டும்,” என்றார் தளவாய்.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜாவும் சரி என்றுவிட்டார். மயிலேறி என்ன சொன்னாலும் இருவரில் ஒருவர் தப்பு என்பார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மறுநாள் சபை கூடியபோது நடுப்பாயில் ஒரு ஜரிகைச் சால்வை பளபளத்துக் கிடந்தது.

“மகாராஜா, சரித்திரம் இருக்கட்டும். முதலில் இதற்கு வழி சொல்லுங்கள்,” என்றான் மயிலேறி. “நடுப்பாய்க் கட்சிக்கு யார் வாரிசோ அவர் எடுத்துக்கொள்ளலாமா?”

ராஜா தலையசைத்தார். தளவாய் பாய்ந்து ஒரு முனையைப் பிடித்தார்.

“நாங்கள்தான் வாரிசு! அந்தக் கட்சியில் பாதிப் பேர் எங்கள் பாயில் இருக்கிறார்கள்!”

பிரதானி மறுமுனையைப் பிடித்தார். “பதவி காட்டி இழுத்தீரே, அதையும் சொல்லும்!”

“ஆமாம், பல்லக்குக் கொடுத்து இழுத்தேன். நீர் மட்டும் என்ன? ‘தளவாய் உங்களைச் சிறையில் தள்ளுவார்’ என்று பயமுறுத்தித்தானே மீதிப் பேரை இழுத்தீர்?”

“இழுத்தேன்தான்! அதற்கு என்ன இப்போது?”

டர்ரென்று சால்வை இரண்டாகக் கிழிந்தது.

“சரித்திரம் முடிந்தது, மகாராஜா,” என்றான் மயிலேறி. “பாதியைத் தளவாய் ஆசை காட்டி இழுத்தார். மீதியைப் பிரதானி பயம் காட்டி இழுத்தார். நடுவில் ஒன்றும் மிஞ்சவில்லை. பெரியவர்களே, இதில் ஏதாவது தப்பு உண்டா?”

ஆளுக்குப் பாதிச் சால்வையோடு இருவரும் அசடு வழிய நின்றார்கள். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பிழைத்தாய், போ! அது சரி, கிழிந்தது யாருடைய சால்வை?”

“உங்களுடையதுதான், மகாராஜா. உடுப்பறைக் காவலரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். நடுவில் ஆளில்லாமல் இவர்கள் இழுத்தால் கிழிவது எப்போதும் உங்களுடையதுதானே?”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கிழிந்த ஜரிகையைப் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்.

“அந்தப் பாயைத் தட்டிப் போடுங்கள்! இன்று முதல் மயிலேறிக்கு அங்கேதான் இடம்.”

மயிலேறி குனிந்து கும்பிட்டான். இருபக்கமும் ஒருமுறை பார்த்தான். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து மடித்து, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு நடுப்பாயில் போய் உட்கார்ந்தான்.