ஐம்பத்திரண்டு சாக்லேட்டும் ஓர் அரண்மனையும்

கீழே வருவதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைக் குணசிங் அண்ணாச்சி சொல்லக் கேட்டேன். எது எந்தப் பாதி என்று வாசிக்கிறவர்களுக்கே தெரிந்துவிடும் என்பதால் தனியாகக் குறிக்கவில்லை.

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் நூற்று நாற்பது பிள்ளைகள். கிறிஸ்மஸ் மரப் பண்டிகைக்கு வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் ஒரு ஆரஞ்சு மிட்டாயும் கொடுப்போம். இந்த வருஷம் சாக்லேட் துண்டு போட்ட குக்கீஸ் என்று எமிலி டீச்சர் போன ஞாயிறே வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் தெருவில் பார்க்கிற பெரியவர்களிடமெல்லாம், "குக்கீஸ் உண்டும்லா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார்கள். இனிப் பின்வாங்க வழியில்லை.

சாக்லேட்டுக்கு வழி இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃபில் இருக்கிறார். லீவில் வருகிறவர்கள் பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுவந்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் அதைத் தின்பதில்லை. பெரிய விருந்தாளி யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று பிரிட்ஜ் கதவில் வைத்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய விருந்தாளி யாரும் வருவதில்லை. அடுத்த கிறிஸ்மஸுக்குள் சாக்லேட் வெள்ளை பூத்துவிடும். டீச்சர் தெருத்தெருவாகப் போய், பூத்ததும் பூக்காததுமாக ஐம்பத்திரண்டு சாக்லேட்டைத் திரட்டிவிட்டார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சபை ஹாலில் கூடினோம். டீச்சர் ஒரு மூலையில் வெண்ணெயும் சீனியும் மைதாவும் போட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கமிட்டி மெம்பர் ஆசீர் மாமா மேற்பார்வை. அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவரை நம்பித் தின்பண்டத்துக்குக் காவல் வைப்பது வழக்கம். நான் கூட்டக் குறிப்பு எழுத. "டிகிரி முடிச்சிருக்கான்லா, எழுதட்டும்" என்று சபையில் எல்லா நோட்டையும் என்னிடமே தந்துவிடுகிறார்கள். தப்பாக ஒரு வரி எழுதிவிடுவேனோ என்று எனக்கு எப்போதும் பயம்.

சாக்லேட்டைத் துண்டு போடும் வேலையைக் குணசிங் அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். போன வாரம்தான் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார்.

"டீச்சர், நீங்க மாவோட நில்லுங்க. சாக்லேட் என் பொறுப்பு. பதினோரு வருஷமா ஷேக் அரண்மனையில குக்கீஸ் மாஸ்டரா இருக்கிறவன் நான்."

"போன வருஷம் டிரைவர்னு சொன்னேரு?" என்றார் ஆசீர் மாமா.

"அது விசாவுல ஓய். விசாவுல என்ன வேணும்னாலும் போடுவான்."

அண்ணாச்சி சாக்லேட் போட்டிருந்த பேசின் பாத்திரத்தில் கைவிட்டு ஒரு கேரமல் சாக்லேட்டை எடுத்தார். "அங்க கத்தி கிடையாது. ஒரே தட்டு. பதினாறு துண்டு, எடை பார்த்தாலும் ஒரு மில்லி கூடக் குறைய இருக்காது. பாருங்க."

தட்டினார். மூன்று துண்டும் கொஞ்சம் தூளுமாக விழுந்தது.

"இது பிரிட்ஜ்ல கிடந்த சாக்லேட். ரத்தம் செத்துப்போச்சு. தின்னு பாருங்க, தெரியும்." ஆளுக்கு ஒரு துண்டு நீட்டினார். எனக்கும் தந்தார். வாங்கித் தின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆசீர் மாமா சப்புக்கொட்டி, "ஆமா, ரத்தம் கொஞ்சம் கம்மிதான்" என்றார். "எதுக்கும் இன்னொண்ணு உடைச்சுப் பாரும்."

இன்னொன்று உடைந்தது. அதோடு கதையும் தொடங்கியது.

"கேரமல்னா சும்மாவா? ஒரு நாள் ஷேக்கோட மூத்த மவன் நான் போட்ட குக்கீஸை ஒரு கடி கடிச்சான். கேரமல் நூலா இழுத்துக்கிட்டு வருது. அவனுக்கு நேரமாச்சு, நூலோடயே கார்ல ஏறிட்டான். ஏர்போர்ட் வரைக்கும் நூல் வருது. பிளைட் ஏறிட்டான். லண்டன்ல போய் இறங்குதான், நூல் அறுபடவே இல்ல!"

"மீதி குக்கீஸ் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ஆசீர் மாமா.

"என் கையில. நான் அடுக்களையில நிக்கேன். அப்பத்தான் பார்க்கோம், பையன் பாஸ்போர்ட்டை மேஜையிலயே வச்சுட்டுப் போயிருக்கான். ஷேக் என்னைப் பார்த்தாரு. நான் நூலை ஒரு சுண்டு சுண்டினேன். சாயங்காலத்துக்குள்ள பையன் வாசல்ல வந்து நிக்கான்."

"பாஸ்போர்ட் இல்லாம எப்படி பிளைட் ஏறினான்?" மாவிலிருந்து நிமிராமலே டீச்சர் கேட்டார்கள்.

"ஏற முடியாதுன்னுதானே டீச்சர் நான் திருப்பி இழுத்தேன்."

பதில் சரியா தப்பா என்று யோசிப்பதற்குள் அடுத்த சாக்லேட்டின் காகிதம் பிரிந்துவிட்டது. நூல் எப்படி இழுத்தது என்று காட்டுவதற்காகப் பன்னிரண்டு கேரமல் சாக்லேட் செலவானது. நூல் ஒரு சாண் வந்து அறுந்தது. அறுந்ததையெல்லாம் ஆசீர் மாமா பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். கீழே விழுந்தால் எறும்பு வருமாம்.

நான் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். "சொன்னார்" என்ற சொல்லை மட்டும் ஒவ்வொரு வரியிலும் மறக்காமல் சேர்த்தேன். ஓரத்தில் சாக்லேட் எண்ணிக்கையையும் குறித்து வந்தேன். அப்போது முப்பத்தெட்டு.

"அண்ணாச்சி, பிள்ளைங்களுக்கு வேணும்லா," என்று மெதுவாகச் சொன்னேன்.

"தம்பி பயப்படுதான் பாரு. ஏலே, நான் போடுற குக்கீஸ்ல வாசனையே பாதி வயித்தை நிரப்பிரும். ஒரு தடவை ஓவனைத் திறந்தேன். காத்து கடல் பக்கமா அடிச்சுது. நடுக்கடல்ல தூத்துக்குடிக்குப் போய்க்கிட்டிருந்த தோணி அப்படியே திரும்பிட்டு. கேப்டன் திருப்பல ஓய், தோணியே திரும்பிட்டு."

"எங்க மச்சான் பத்து வருஷம் தோணியில போனான். அவன் ஒரு வார்த்தை சொல்லலியே?"

"உங்க மச்சானுக்கு மூக்கடைப்பு உண்டா?"

ஆசீர் மாமா யோசித்தார். "உண்டு."

"பெறகென்ன?"

அந்த வாசனை எப்படிப்பட்டது என்று எங்களுக்கு விளங்க வேண்டுமாம். வேர்க்கடலை போட்டது, தேங்காய் வைத்தது, வேஃபர் வைத்தது என்று வகைக்கு ஐந்தாறாகப் பிரித்தார். முகர்ந்த பிறகு மூடி வைக்க முடியாது என்று சொல்லிப் பங்கிட்டார். ஆசீர் மாமா தன் பங்கைத் தின்றுவிட்டு, "எனக்குச் சர்க்கரை, வேண்டாம்" என்றார். இருபத்திரண்டு.

"ஆனா டீச்சர், ஆப்பசோடாவுல மட்டும் கவனமா இருக்கணும். ஒரு வருஷம் எனக்குக் கை தவறி ஒரு ஸ்பூன் கூடிப்போச்சு. குக்கீஸ் உப்புது, உப்புது, ஓவன் கதவைத் தள்ளிட்டு வெளிய வருது. அடுக்களை போச்சு. மதில் போச்சு. பட்டாளம் வந்து பீரங்கியால சுட்டான். குண்டெல்லாம் உள்ள போய் மாவுல பதிஞ்சிட்டு. ஷேக் பார்த்தாரு, 'குணசிங், இதை இடிக்க வேண்டாம்'னுட்டாரு. மூணு வருஷம் அது மேலதான் ஹெலிகாப்டர் இறங்குச்சு."

"மூணு வருஷத்துக்குப் பெறகு?"

"மழையில கரைஞ்சிட்டு."

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்தார்கள். "பாலைவனத்துல ஏது அண்ணாச்சி மழை?"

"இல்லாததுனாலதானே டீச்சர் மூணு வருஷம் நின்னுது!"

ஆசீர் மாமா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வேஃபர் என் நோட்டில் தெறித்தது. குக்கீஸில் குண்டு பதிந்த விதத்தைக் காட்ட மேஜையில் சாக்லேட்டை வரிசையாக அடுக்கினார் அண்ணாச்சி. மதில் இது, பீரங்கி இது, ஷேக் இது. யுத்தம் முடிந்தபோது மதில், பீரங்கி, ஷேக் எல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தன. ஷேக்கைத் தின்றது நான். வேர்க்கடலை போட்டவர்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "மாவு ரெடி. துண்டு போட்டதைக் கொண்டாங்க."

பேசினில் மூன்று சாக்லேட்டும் ஒரு குவியல் காகிதமும் இருந்தன.

 ஆசீர் மாமா மேல்துண்டால் வாயைத் துடைத்தார். நான் நோட்டைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டில் தொடங்கி மூன்று வரை என் கையெழுத்திலேயே ஒழுங்காக எழுதியிருந்தது. எண்ணியதோடு சரி, தடுக்கவில்லை.

"நூத்தி நாப்பது பிள்ளைங்க," என்றார்கள் டீச்சர். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "மூணே அதிகம் டீச்சர். ஒரு ரம்ஜானுக்குச் சாக்லேட் வர வேண்டிய கப்பல் வரலை. ஐயாயிரம் குக்கீஸ் போடணும். நான் என்ன செஞ்சேன், மாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாக்லேட்டைப் பத்திப் பேசினேன். அவ்வளவுதான். தின்னவன் எல்லாம், 'என்ன குணசிங், சாக்லேட் கூடிப்போச்சே'ன்னான்."

"இன்னைக்கும் ரெண்டு மணி நேரம் பேசியாச்சு," என்றார்கள் டீச்சர். ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். "தின்னு பார்த்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி தின்றார். மென்றார். அரண்மனையில் பதினோரு வருஷம் இருந்தவர் காலிக் காகிதங்களை ஒவ்வொன்றாக நீவி மடிக்கத் தொடங்கினார்.

"வேற வழி பார்ப்போம். அண்ணாச்சி, உங்க வீட்டு பிரிட்ஜ்ல எத்தனை இருக்கு?" என்றார்கள் டீச்சர்.

"எங்க வீட்டுலயா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "அங்க என்ன டீச்சர் இருக்கு. கொண்டுவந்ததை எல்லாம் ஊருக்குக் குடுத்தாச்சு. ரெண்டு கிடந்தா உண்டு. அதுவும் சின்னது."

டீச்சர் போனை எடுத்து அவர் மனைவி லில்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ரெண்டா? யார் சொன்னா?" என்றது போன். "முட்டை வைக்க இடமில்லாம கிடக்கு டீச்சர். எண்பத்தாறு! காலையிலதான் எண்ணினேன். சபைக்குக் குடுங்கன்னு நானும் ஒரு வாரமா சொல்லுதேன், இவுக கேட்டாத்தானே. இப்பவே கொண்டாரேன்."

கால்மணி நேரத்தில் இரண்டு பை வந்து இறங்கியது. கத்தியை இந்த முறை லில்லி அக்காவே பிடித்துக்கொண்டார்கள். ஆசீர் மாமாவைக் காவலிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். முதல் தட்டு ஓவனுக்குள் போனது. தோணி எதுவும் திரும்பியதாகத் தகவல் இல்லை. ஆனால் தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

நான் குறிப்பை முடிக்க வேண்டும். அண்ணாச்சி சொன்னதையெல்லாம் அப்படியே வைப்பதா, அடிப்பதா என்று தெரியாமல் நோட்டை டீச்சரிடம் நீட்டினேன். அவர்கள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

"எதையும் அடிக்க வேண்டாம் ரூபன். கடைசியில ஒரு வரி மட்டும் சேர்த்துக்க. இன்னைக்கு குணசிங் அண்ணாச்சி குறைச்சுச் சொன்னது, வீட்டுல இருக்கிற சாக்லேட் கணக்கை மட்டும்தான்."